முதல் உலகப்போர்: அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியை மாற்றுங்கள்

பள்ளித் தேர்வுகளுக்கு வரலாற்று வினாத்தாள் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

‘முதல் உலகப்போருக்கான காரணங்களை விவரி.’ இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், நாங்கள் திருத்திக்கொண்டே இருக்கிறோம். பிள்ளைகளும் சளைக்காமல் எழுதுகிறார்கள். ஏகாதிபத்தியப் போட்டி, கூட்டணிகள், ஆயுதப் போட்டி, தீவிர தேசியவாதம், கடைசியில் உடனடிக் காரணமாக சரயேவோ துப்பாக்கிச் சூடு. ஐந்து துணைத்தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. விடைக்குறிப்பிலும் அதேதான் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம்.

அந்த விடையில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்தால் 1914இல் ஐரோப்பாவில் மனிதர்களே இல்லை, துணைத்தலைப்புகள்தான் இருந்தன என்று தோன்றும். போட்டி பகையை வளர்த்தது, பகை கூட்டணியை வளர்த்தது, கூட்டணி போரைக் கொண்டுவந்தது. யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. ஐப்பசி வந்தால் அடைமழை என்பது மாதிரி, வல்லரசுகள் போட்டி போட்டால் போர் வரும், அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பிள்ளை இதைத்தான் மனதில் பதித்துக்கொண்டு வெளியே போகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கேள்வியை ஓய்வுக்கு அனுப்புங்கள். அதற்குப் பதிலாக, ‘அத்தனை ஆண்டுகள் போட்டியிருந்தும் வராத போர் 1914இல் ஏன் வந்தது? யார் தடுத்திருக்க முடியும்?’ என்று கேளுங்கள்.

போட்டி இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருந்தது. 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மானியப் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது பெர்லினில் அல்ல, தோற்றுப்போன பிரான்சின் வெர்சேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில். அல்சேசும் லொரைனின் ஒரு பகுதியும் பறிபோயின, மேற்கொண்டு 500 கோடி ஃபிராங்க் தண்டம். பாரிஸில் கான்கார்டு சதுக்கத்தில் பிரெஞ்சு நகரங்களைக் குறிக்கும் பெண் சிலைகள் உண்டு. அவற்றில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் சிலைக்குத் துக்கம் அனுசரித்துக் கறுப்புத் துணியும் மலர்வளையமும் சார்த்தி வைத்தார்கள். பிரான்சுக்கு இது எளிதில் ஆறாத காயம் என்று ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க்குக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் பதவியில் இருந்தவரை பிரான்சுக்குத் துணை கிடைக்காமல் பார்த்துக்கொள்வதையே வேலையாக வைத்திருந்தார். 1879இல் ஆஸ்திரியாவோடு ஒப்பந்தம், 1882இல் இத்தாலியையும் சேர்த்து மூவர் கூட்டணி, 1887இல் ரஷ்யாவோடு ரகசியமாக இன்னொன்று. 1890இல் இளம் கெய்சர் (ஜெர்மன் பேரரசர்) இரண்டாம் வில்லியம் பிஸ்மார்க்கை வீட்டுக்கு அனுப்பினார். அதே ஆண்டு ரஷ்ய ஒப்பந்தம் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. நான்கே ஆண்டுகளில் ரஷ்யாவும் பிரான்சும் ராணுவக் கூட்டாளிகள் ஆகிவிட்டன. முடியாட்சியின் மூச்சுக்காற்றாக இருந்த ஜாரும், புரட்சியில் பிறந்த குடியரசும்!

கடற்படைப் போட்டியும் அப்படித்தான். 1898இலும் 1900இலும் ஜெர்மனி கடற்படைச் சட்டங்கள் போட்டது. அட்மிரல் டிர்பிட்ஸ் வட கடலில் ஒரு பெரும் கப்பல் படையைக் கட்டத் தொடங்கினார். பிரிட்டன் 1906இல் ‘டிரெட்நாட்’டை நீரில் இறக்கியது. அந்த ஒரு கப்பல் வந்ததும் அதுவரை இருந்த போர்க்கப்பல்கள் எல்லாம், பிரிட்டனுடையவையும் சேர்த்துத்தான், பழையவை ஆகிவிட்டன. 1909இல் லண்டனில் நடந்த கூத்து பாடநூலில் வராது. கடற்படை அமைச்சகம் கேட்டது டிரெட்நாட் ரகக் கப்பல் ஆறு. சிக்கனக்காரர்கள் நான்கு போதும் என்றார்கள். தெருவில் கூட்டம் எட்டு வேண்டும் என்று கத்தியது. கடைசியில் சமரசமாகக் கட்டியது எட்டு.

சரி, இத்தனை போட்டி இருந்ததே, போர் ஏன் முன்பே வரவில்லை?

1898இல் நைல் நதியின் மேல்பகுதியில் ஃபஷோடா என்ற சிற்றூரில் பிரெஞ்சுத் தளபதி மார்ஷானும் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரும் நேருக்கு நேர் நின்றார்கள். லண்டனிலும் பாரிஸிலும் பத்திரிகைகள் போர் போர் என்று எழுதின. பிரான்ஸ் பின்வாங்கியது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1904 ஏப்ரலில், அதே இரண்டு நாடுகளும் எகிப்து உனக்கு, மொராக்கோ எனக்கு என்று பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ரஷ்யக் கப்பல்படை, வட கடலில் இரவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் மீனவர்களை ஜப்பானியப் படகுகள் என்று நினைத்துச் சுட்டது. மீனவர்கள் செத்தார்கள். போருக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? ஆனால் ஒரு சர்வதேச விசாரணைக் குழு பாரிஸில் உட்கார்ந்து விசாரித்தது, ரஷ்யா இழப்பீடு கட்டியது, விஷயம் முடிந்தது. 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. அதாவது பிரிட்டனோடு மிக நீண்ட காலம் பகைத்த இரண்டு நாடுகள் பிரான்சும் ரஷ்யாவும்தான். அந்த இரண்டும்தான் 1914இல் அதன் பக்கத்தில் நின்றன. போட்டிதான் போருக்குக் காரணம் என்று எழுதும் மாணவர் இதை எப்படி விளக்குவார்?

ஜெர்மனியோடும் பேசித் தீர்த்திருக்கிறார்கள். 1890இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் எல்லை வகுத்துக்கொண்டபோது சான்சிபாரை பிரிட்டனுக்கு விட்டுவிட்டு ஹெலிகோலாந்து தீவை ஜெர்மனி வாங்கிக்கொண்டது. பாக்தாத் ரயில்பாதை என்று ஒரு பெரிய சச்சரவு பாடத்தில் வருமே, அது குறித்து பிரிட்டனும் ஜெர்மனியும் உடன்பாட்டுக்கு வந்தது 1914 ஜூனில். சரயேவோ கொலைக்கு இரண்டு வாரங்கள்கூட இல்லை. கொலைச் செய்தி வந்த நாளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எங்கே இருந்தன தெரியுமா? ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில், படகுப் போட்டித் திருவிழாவுக்கு விருந்தாளிகளாக.

அப்படியென்றால் போட்டிக்கும் போருக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் பாடநூல் சொல்லும் வழியில் இல்லை. ஒவ்வொரு நெருக்கடியும் போரில்லாமல் முடிந்தது. முடிந்தபோது ஒவ்வொரு தலைநகரமும் அதிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டது. அந்தப் பாடங்கள்தான் 1914இல் உயிரை வாங்கின.

1905இல் கெய்சர் மொராக்கோவின் டாஞ்சியர் துறைமுகத்தில் இறங்கிச் சுல்தானுக்கு ஆதரவாகப் பேசினார். பிரிட்டனையும் பிரான்சையும் பிரிப்பது நோக்கம். மறு ஆண்டு அல்ஜெசிராஸ் மாநாட்டில் தனிமைப்பட்டது ஜெர்மனிதான். 1911இல் ‘பாந்தர்’ என்ற சிறு பீரங்கிப் படகை அகாதிருக்கு அனுப்பி மீண்டும் மிரட்டிப் பார்த்தது. கிடைத்தது காங்கோவில் ஒரு துண்டுக் காடு. நம்மைச் சுற்றி வளைக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் நாம்தான் தலைகுனிகிறோம் என்ற எண்ணம் பெர்லினில் ஊறியது.

1908இல் ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. செர்பியா கொதித்தது, ரஷ்யா அதற்கு ஆதரவாக நின்றது. ஆனால் ஜப்பானிடம் தோற்று, உள்நாட்டுப் புரட்சியையும் பார்த்த ரஷ்யாவுக்கு அப்போது தெம்பில்லை. 1909 மார்ச்சில் ஜெர்மனி ஒரு கடுமையான செய்தி அனுப்பியதும் அது அடங்கிப்போனது. இனி ஒருமுறை இப்படிப் பணிய மாட்டோம் என்பது ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் படித்த பாடம். அதற்கப்புறம் ரஷ்யா படைக்குப் பணத்தைக் கொட்டியது. அந்தத் திட்டம் 1917 வாக்கில் முழுமை பெறும் என்று கணக்கு. அந்த 1917 என்ற எண்தான் ஜெர்மன் தளபதி மோல்ட்கேவைத் தூங்கவிடாமல் செய்தது. போர் எப்படியும் வரும், அப்படியானால் சீக்கிரம் வருவது நல்லது என்று 1912 டிசம்பரிலேயே அவர் கெய்சர் முன்னால் சொல்லிவிட்டார்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா படித்த பாடம் வேறு. 1912, 1913 பால்கன் போர்களில் செர்பியாவின் நிலப்பரப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. 1913 அக்டோபரில் செர்பியப் படை அல்பேனியாவுக்குள் நின்றது. எட்டு நாளில் வெளியேறு என்று ஆஸ்திரியா இறுதி எச்சரிக்கை விட்டது. செர்பியா வெளியேறியது, ரஷ்யா தலையிடவில்லை. மிரட்டினால் பணிவார்கள் என்று வியன்னா குறித்துக்கொண்டது. லண்டன் படித்த பாடம்தான் இருப்பதிலேயே பரிதாபமானது. பால்கன் போர்களின்போது வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே எல்லாத் தூதர்களையும் லண்டனில் கூட்டிவைத்து மாதக்கணக்கில் பேசிச் சமாளித்திருந்தார். அடுத்த நெருக்கடியையும் அப்படியே பேசி முடித்துவிடலாம் என்று நம்பினார்.

1914 ஜூனில் இத்தனை பாடங்களும் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்தன.

ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்ட போஸ்னிய செர்பிய இளைஞன் காவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. காலையில் எறிந்த குண்டு தப்பியது, கார் தவறான தெருவில் திரும்பியது, நின்ற இடத்தில் பிரின்சிப் இருந்தான் என்ற கதையைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். நானும் சொல்வேன். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. செர்பியா மீது போர் தொடுக்க வேண்டும் என்று ஆஸ்திரியத் தலைமைத் தளபதி கான்ராட் ஆண்டுக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தார். அதற்கு முட்டுக்கட்டை போட்டவர்களில் முக்கியமானவர் இந்த ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். செத்தவர், உயிரோடு இருந்தவரை போருக்குத் தடையாக நின்றவர்.

கொலைக்கும் பெரும் போருக்கும் நடுவில் 37 நாட்கள் இருக்கின்றன. நம் விடைக்குறிப்பில் இந்த 37 நாட்களுக்கு ஒரு வரி. ‘இதனால் ஆஸ்திரியா செர்பியா மீது போர் தொடுத்தது, பிற நாடுகளும் போரில் இறங்கின.’ அந்த ‘இதனால்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

ஜூலை 5 அன்று ஆஸ்திரியாவின் சிறப்புத் தூதர் ஹோயோஸ் பெர்லின் போகிறார். நீங்கள் என்ன செய்தாலும் கூடவே நிற்போம் என்று கெய்சரும் பிரதமர் பெத்மான் ஹோல்வேக்கும் வாக்குக் கொடுக்கிறார்கள். மறுநாள் கெய்சர் கப்பலேறி நார்வே கடலுக்கு விடுமுறை போய்விடுகிறார். வியன்னாவிலோ உடனே அடி விழவில்லை. ஹங்கேரியப் பிரதமர் டிஸ்ஸா போர் வேண்டாம் என்கிறார், அவரைச் சம்மதிக்க வைக்க ஜூலை 14 ஆகிறது. சிப்பாய்களில் பலர் அறுவடைக்காக விடுப்பில் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அப்புறம் பிரெஞ்சு அதிபர் புவான்காரே ரஷ்யாவில் ஜாருக்கு விருந்தாளியாக இருக்கிறார். இருவரும் ஒரே இடத்தில் இருக்கும்போது செய்தி போனால் கலந்து பேசிவிடுவார்களே! ஆகவே அவர் கிளம்பும் நாள் வரை காத்திருந்து, ஜூலை 23 மாலை ஆறு மணிக்கு செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இறுதி எச்சரிக்கையைக் கொடுக்கிறார்கள். கெடு 48 மணி நேரம். ஒரு சுதந்திர நாடு இன்னொன்றுக்கு அனுப்பியதில் இதைவிடக் கடுமையான ஆவணத்தைத் தான் பார்த்ததில்லை என்றார் கிரே. செர்பியா மறுப்பதற்காகவே எழுதப்பட்ட கடிதம் அது.

செர்பியா பெரும்பாலானவற்றுக்கு ஒத்துக்கொண்டது, சிலவற்றில் நழுவியது, ஆஸ்திரிய அதிகாரிகள் தன் மண்ணில் விசாரணையில் பங்கெடுப்பதை மட்டும் திட்டமாக மறுத்தது. ஜூலை 28 காலை அந்தப் பதிலைப் படித்த கெய்சர், போருக்கான காரணமே போய்விட்டது என்று ஓரத்தில் எழுதினார். பெல்கிரேடை மட்டும் பிணையாகப் பிடித்துக்கொண்டு பேச்சுவார்த்தை நடத்தலாம் என்றார். வாக்குக் கொடுத்தவரே இறங்கி வருகிறார். ஆனால் அதே நாளில் வியன்னா தந்தி அடித்துப் போர்ப் பிரகடனம் செய்துவிட்டது. இதில் கொடுமை, ஆஸ்திரியப் படை தயாராகவே இல்லை. ஆகஸ்ட் 12 வாக்கில்தான் படையெடுக்க முடியும், அதுவரை பிரகடனம் வேண்டாம் என்றார் கான்ராட். ஆண்டுக்கணக்காகப் போர் கேட்டவரே பொறுக்கச் சொல்கிறார். வெளியுறவு அமைச்சர் பெர்ச்டோல்டுக்குத்தான் அவசரம். தாமதித்தால் யாராவது சமாதானம் செய்துவைத்துவிடுவார்கள் என்று பயம்.

அடுத்தது பீட்டர்ஸ்பர்க். ஜூலை 29 மாலை ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார். உறவினர் கெய்சரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. உத்தரவைத் திரும்பப் பெற்றார். அதே இரவில் கெய்சருக்கு அவர் அனுப்பிய தந்தியில் ஆஸ்திரியா-செர்பியா விவகாரத்தை ஹேக் மாநாட்டுக்கு விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. ஹேக் நடுவர் மன்றம் 1899 மாநாட்டில் உருவானது. அந்த மாநாட்டைக் கூட்டச் சொன்னதே இதே ஜார்தான். மீனவர்களைச் சுட்ட விவகாரத்தைத் தீர்த்ததும் அங்கே வகுத்த முறைதான். யோசனையை யாரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் மதியம் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் ஒரு மணி நேரம் வாதாடி ஜாரை மறுபடி சம்மதிக்க வைத்தார். ஜூலை 30 மாலை உத்தரவு போனது. ரஷ்யா பரந்த நாடு, படை சேர வாரங்கள் ஆகும், முன்கூட்டியே தொடங்காவிட்டால் பிந்திவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு. ரஷ்யா தொடங்கினால் நாமும் உடனே தொடங்காவிட்டால் தொலைந்தோம் என்பது ஜெர்மனியின் கணக்கு.

ஜெர்மனியின் கணக்கைத் தனியாகவே பாடமாக வைக்கலாம். முதலில் பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்சை வீழ்த்துவது, பிறகு ரஷ்யா பக்கம் திரும்புவது. இது ஒன்றுதான் கையில் இருந்த திட்டம். கிழக்கே மட்டும் படையை அனுப்பும் மாற்றுத் திட்டத்தை 1913இலேயே கைவிட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. அன்று மாலை, படைதிரட்டல் உத்தரவில் கெய்சர் கையெழுத்துப் போட்ட கொஞ்ச நேரத்தில், லண்டனில் இருந்த ஜெர்மன் தூதரிடமிருந்து தந்தி. பிரான்சைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்பது போல அதில் இருந்தது. கெய்சருக்கு ஒரே மகிழ்ச்சி, படை முழுவதையும் கிழக்கே திருப்பு என்றார். மோல்ட்கே முடியாது என்றார். பத்து லட்சக்கணக்கான வீரர்களின் நகர்வை நின்ற இடத்தில் மாற்ற முடியாது, மாற்றினால் மிஞ்சுவது படையல்ல, சோறில்லாத கும்பல் என்பது அவர் வாதம். அந்த ஆகஸ்டில் கொலோன் நகரின் ரைன் பாலத்தை ராணுவ ரயில்கள் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கடந்தன. லண்டன் தந்தி வெறும் தவறான புரிதல் என்று இரவுக்குள் தெரிந்துவிட்டது. கெய்சர் மோல்ட்கேவைக் கூப்பிட்டு, இனி உன் இஷ்டம் என்றார். ஒரு பேரரசர், ரயில்வே கால அட்டவணைக்கு முன் கைகட்டி நின்ற மாலை அது.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 3 அன்று பிரான்ஸ் மீது போர் அறிவிப்பு. 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அன்று இரவு பிரிட்டனும் போரில். வேடிக்கை என்னவென்றால், சண்டையைத் தொடங்கிய ஆஸ்திரியா ரஷ்யா மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6ஆம் தேதிதான். அதற்குள் அதன் கூட்டாளி ஐந்து நாளாகப் போரில் இருந்தது.

கூட்டணிகள்தான் எல்லோரையும் இழுத்துப் போட்டன என்ற துணைத்தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூவர் கூட்டணியில் இருந்த இத்தாலி, இது தற்காப்புப் போர் அல்ல என்று சொல்லி நடுநிலை வகித்தது, 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்தே சண்டை போட்டது. அந்தக் கூட்டணியோடு ரகசியமாக இணைந்திருந்த ருமேனியாவும் 1916இல் அதையே செய்தது. பிரிட்டனுக்கோ பிரான்சைக் காப்பாற்றப் போரில் இறங்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தக் கட்டாயமும் கிடையாது. 1904இல் போட்டது காலனிகள் குறித்த உடன்பாடு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் லண்டன் அமைச்சரவை இரண்டாகப் பிளந்து நின்றது, மார்லியும் பர்ன்ஸும் பதவி விலகினார்கள். பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839இல் கொடுத்த உத்தரவாதம் கைகொடுத்திருக்காவிட்டால் இன்னும் சிலர் விலகியிருக்கலாம். விரும்பியவர்கள் ஒப்பந்தத்தை மதித்தார்கள், விரும்பாதவர்கள் பொருள் கூறித் தப்பித்தார்கள். கூட்டணி தானாக யாரையும் இழுக்கவில்லை.

யார்மீது பழி என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவு ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் பொறுப்பைப் போட்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து சறுக்கிவிட்டார்கள் என்ற பேச்சு வந்தது. 1960களில் ஒரு ஜெர்மன் பேராசிரியரே தன் நாட்டு ஆவணங்களைக் கிளறி, பெர்லின் தெரிந்தேதான் செய்தது என்று எழுதி, சொந்த ஊரிலேயே வாங்கிக்கட்டிக்கொண்டார். என்னைக் கேட்டால் முதல் இடம் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும், அடுத்து பீட்டர்ஸ்பர்க். நீங்கள் வேறு வரிசை சொல்லலாம். மாணவரும் சொல்லலாம். வரலாறு என்றால் ஆவணத்தை வைத்துக்கொண்டு சண்டை போடும் வேலை என்பது பத்தாம் வகுப்பிலாவது தெரிய வேண்டாமா?

இதெல்லாம் ஐரோப்பியர் கதை, நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அந்த 37 நாட்களில் நம்மை யாரும் கேட்கவில்லை, அதனால்தான். பிரிட்டன் போரில் இறங்கியதும் இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அறிவித்தார். இங்கே எந்தச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் கேட்கப்படவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், 70 ஆயிரம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ‘எம்டன்’ கப்பலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஜெர்மன் கப்பலுக்கு வங்கக் கடலில் என்ன வேலை என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. 1897இல் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தை ஜெர்மனி பிடுங்கியது, அங்கே ஒரு கப்பல்படை வைத்தது, அதில் ஒன்றுதான் எம்டன்.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து போன படையில் 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படையும் இருந்தது. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, சரியான பயிற்சியின்றி இறக்கிவிடப்பட்ட அந்தப் படை, தன்னைவிட எண்ணிக்கையில் மிகச் சிறிய ஜெர்மன் படையிடம் தோற்றுச் சிதறியது. பழியைச் சிப்பாய்கள் மீது போட்டார்கள். டாங்கா இருந்த அந்த நிலத்தைத்தான் ஜெர்மனியும் பிரிட்டனும் 1890இல் கைகுலுக்கிப் பங்கு பிரித்துக்கொண்டன என்பதை மேலே சொன்னேன். போட்டியைப் பேசியும் தீர்க்கத் தெரிந்தவர்கள்தான். பேசாமல் விட்டபோது திருநெல்வேலிச் சீமையின் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு படைப்பிரிவு அங்கே போய் நின்றது.

இனி என் வேண்டுகோள்கள். காலக்கோடு வரையச் சொல்லும் வழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் கோடு போடச் சொல்கிறீர்கள். ஒரே ஒருமுறை 1914 ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 6 வரை கோடு போடச் சொல்லிப் பாருங்கள். எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவில் இடைவெளி இருந்தது, யாருக்கு யோசிக்க நேரம் இருந்தது என்பது கோட்டிலேயே தெரியும். ஜாரும் கெய்சரும் அனுப்பிக்கொண்ட தந்திகள் அச்சில் கிடைக்கின்றன. அவற்றில் நான்கு வரியைக் கேள்வியிலேயே கொடுத்து, இதை எழுதியவருக்கு அப்போது எது தெரிந்திருந்தது, எது தெரியாது என்று கேளுங்கள். ஃபஷோடாவில் போர் வரவில்லை, 1914இல் வந்தது, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். கைடு போடுபவர்கள் கொஞ்ச நாள் திண்டாடுவார்கள். அப்புறம் அதற்கும் விடை அச்சடித்துவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

விடைக்குறிப்புதான் சிக்கல் என்பீர்கள். பல ஊர்களில் திருத்தும் தாளுக்கு ஒரே அளவுகோல் வேண்டும், கருத்துக்கெல்லாம் எப்படி மதிப்பெண் போடுவது என்று திருத்தும் மையங்களில் சண்டை வரும். நியாயமான கவலை. குறிப்பை இப்படி எழுதிப் பாருங்கள். ஒரு தலைநகரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு மதிப்பெண். அங்கே எடுத்த ஒரு முடிவைத் தேதியோடு சொன்னால் ஒன்று. வேறு என்ன முடிவு எடுத்திருக்கலாம் என்று சொன்னால் ஒன்று. அதை ஏன் எடுக்கவில்லை என்பதற்குப் பழைய நெருக்கடி ஒன்றிலிருந்து சான்று காட்டினால் இரண்டு. பெர்லின் என்று எழுதினாலும் ஐந்து கிடைக்கலாம், பீட்டர்ஸ்பர்க் என்று எழுதினாலும் கிடைக்கலாம். யாராலும் தடுத்திருக்க முடியாது என்று சான்றோடு வாதாடும் பிள்ளைக்கும் தாராளமாகப் போடுங்கள். வெறும் ஐந்து துணைத்தலைப்பை அடிக்கோடிட்டு எழுதி வைத்தால், இரண்டு போதும்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஒரு வரலாற்று ஆசிரியர்